செல் பூத்த கருவியும் கார்டில் சிக்கிய கருவியும்

அலமாரியில் பல வருடம் கிடந்த ஜி.பி.எஸ். கைக்கருவியை எடுத்து பவர் பட்டனை அழுத்துகிறோம். ஒன்றும் நடக்கவில்லை. புதுச் செல் போட்டுப் பார்க்கிறோம். அப்போதும் திரை கறுப்பாகவே இருக்கிறது. இந்த இடத்தில் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்துவிடுகிறார்கள். ஒன்று, காலம் முடிந்துவிட்டது என்று பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். அல்லது யாரோ சொன்னபடி மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்தி, உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்து எடுத்துவிடுகிறார்கள். இரண்டு வழியிலும் போவது ஒரே பொருள்தான்: அந்தக் கருவிக்குள் நாம் சேர்த்து வைத்த புள்ளிகள்.

அந்தப் புள்ளிகளின் அருமை அவற்றைப் போட்டவருக்குத்தான் தெரியும். கோடையிலும் நீர் வற்றாத ஒரு சுனை. இருபது வருடத்துக்கு முன் கணக்கெடுத்த ஒரு மரம். தமிழகக் கடற்கரையில், கடலடிப் பாறை இருக்கும் இடத்தைப் ‘பாயிண்ட்’ போட்டு வைத்திருக்கும் மீனவருக்கு அது சொத்துக்குச் சமம். மகனுக்குச் சொல்வதை அடுத்த படகுக்காரருக்குச் சொல்ல மாட்டார். கருவி போனால் வேறொன்று வாங்கலாம். புள்ளி போனால் திரும்ப நடக்கவேண்டும், அல்லது திரும்பக் கடலில் தேடவேண்டும். ஆகவே பழுது பார்ப்பதில் எந்த வேலையை முதலில் செய்வது என்ற கேள்விக்கு நான் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன்: இந்த வேலை புள்ளிகளுக்கு ஆபத்தா, இல்லையா?

இதைப் பேச இரண்டு கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். இரண்டுமே கார்மின் நிறுவனத்துடையவை, இரண்டுமே உலகமெங்கும் நன்றாக உழைத்தவை. முதலாவது, 2000ஆம் ஆண்டில் வந்த மஞ்சள் நிற ஈட்ரெக்ஸ். உள்ளங்கையில் அடங்கும், செல்லோடு சேர்த்து 150 கிராம். நான்கு சாம்பல் அடுக்கில் காட்டும் சின்னத் திரை, விளிம்பில் ஐந்து பட்டன், உள்ளே 500 புள்ளிகளுக்கு இடம். இரண்டாவது, 2006இல் வந்த ஜி.பி.எஸ்.மேப் 60சி.எஸ்.எக்ஸ். தலையில் கட்டைவிரல் போல ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் கருவி. வண்ணத் திரை, வரைபடத்துக்கு மைக்ரோ எஸ்.டி. கார்டு, யு.எஸ்.பி. துளை, காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் உணர்வி, 1000 புள்ளிகள். இரண்டுக்கும் நடுவே ஆறே வருடம். ஆனால் இரண்டும் ‘பேசாமல்’ போகும் விதம் வேறு வேறு.

மஞ்சள் கருவி வந்த காலத்தை நினைவுபடுத்த வேண்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில்தான் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தவறிக்கொண்டிருந்த கருவிகள் ஒரே இரவில் பத்து, இருபது மீட்டருக்குள் இடம் சொல்ல ஆரம்பித்தன. விலை குறைந்த ஒரு கைக்கருவியை நம்பி, காட்டுக்குள் ஒரு தனி மரத்துக்குத் திரும்பிப் போக முடிந்தது அதன் பிறகுதான். அந்த நம்பிக்கையில் சேர்ந்த புள்ளிகள் இன்றும் பல அலமாரிகளில் உறங்குகின்றன.

இனி பழுதுக்கு வருவோம். மஞ்சள் கருவி பேசவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது அதன் உடம்பை. பின்பக்கத்தில் இருக்கும் வளையத்தைத் தூக்கி, கால் சுற்று திருப்பினால் மூடி கழன்று வரும். உள்ளே இரண்டு பென்சில் செல். அந்த செல்களை எடுக்காமல் மழைக்காலத்தைக் கடக்க விட்டிருந்தால், கதை பெரும்பாலும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும். ஸ்பிரிங்கின் அடியில் வெள்ளை உப்புப் பூத்திருக்கும். பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். ஆல்கலைன் செல்லுக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது கசிந்து காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேரும்போது பொட்டாசியம் கார்பனேட்டாக மாறி வெள்ளையாகப் படிகிறது. நானும் ஒரு கருவியை இப்படிப் பூக்க விட்டவன்தான். செல்லை எடுக்க மறந்தது என் தவறு. சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று.

கசிந்தது காரம் என்பதால் அதை முறிக்க அமிலம் வேண்டும். காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ நனைத்துத் தொட்டால் மெல்லப் பொங்கும். பொங்குவது நின்ற பிறகு அதைத் துடைத்து, மருந்துக்கடை ஸ்பிரிட்டால் இன்னொரு முறை துடைத்து, ஒரு நாள் காய விடவேண்டும். களிம்பு விடாப்பிடியாக இருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பர் போதும். உப்புத்தாள் கூடாது, அது தகட்டின் மேல் இருக்கும் முலாமைச் சுரண்டிவிடும், அடுத்த மழையில் களிம்பு இரட்டிப்பாகும். கண்ணிலும் கையிலும் அந்த வெள்ளைப் பொடி படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

செல் கசியவே இல்லை, தகடு பளிச்சென்று இருப்பதுபோல் தெரிகிறது, ஆனாலும் கருவி எழுந்திருக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அல்லது எழுந்து, வெளிச்சம் போட்டவுடன் அணைந்துவிடுகிறது. இந்த இரண்டாவது அறிகுறி மிகவும் பயனுள்ளது. மின்சாரத்தைச் சேமிக்கும் முறையில் இரண்டு பென்சில் செல்லில் 22 மணி நேரம் ஓடும் கருவி இது. அப்படியென்றால் சுமார் நூறு மில்லியாம்பியர் இழுக்கிறது. தகட்டில் கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்றிரண்டு ஓம் தடை கொடுத்தால், அந்த ஓட்டத்துக்கு 0.1 முதல் 0.2 வோல்ட் வரை வழியிலேயே தொலைந்துவிடும். திரை விளக்கு எரியும்போது ஓட்டம் கூடும், இழப்பும் கூடும், கருவி ‘செல் தீர்ந்தது’ என்று எண்ணிப் படுத்துவிடும். மல்டிமீட்டரில் செல்லைத் தனியாக அளந்தால் நல்ல வோல்ட் காட்டும், குழப்பமே அதனால்தான். செல்லை அறைக்குள் போட்ட நிலையில், கருவியை இயக்க முயலும்போது அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இந்த வேலைகளில் எதுவும் புள்ளிகளைத் தொடுவதில்லை. ஈட்ரெக்ஸ் தன் புள்ளிகளை வைத்துக்கொள்ள செல்லின் தயவு தேவையில்லாத நினைவகத்தில் எழுதுகிறது. செல் இல்லாமல் பத்து வருடம் கிடந்தாலும் அவை அழிவதில்லை. இதைவிடப் பழைய சில கருவிகள் அப்படியல்ல. உள்ளே பொத்தான் அளவு செல் ஒன்று நினைவைத் தாங்கி நிற்கும், அது ஓய்ந்தால் எல்லாம் போய்விடும். அத்தகைய கருவி கையில் இருந்தால் பழுது வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே புள்ளிகளை வெளியே எடுத்துவிடவேண்டும்.

மஞ்சள் கருவியில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. திரையின் அழுத்தத்தை, அதாவது எழுத்து எவ்வளவு கறுப்பாகத் தெரியவேண்டும் என்பதை, செயற்கைக்கோள் பக்கத்தில் மேல், கீழ் பட்டன்களே மாற்றும். பையில் கிடந்து அந்தப் பட்டன் தொடர்ந்து அழுந்தினால் திரை வெறுமையாகிவிடும். கருவி உள்ளே ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், வெளியே பிணம் போலத் தெரியும். இதற்கு ஒலி எழுப்பும் உறுப்பும் கிடையாது; உயிரோடிருப்பதாகத் தானாகச் சொல்ல அதற்கு வழியில்லை. பவர் பட்டனை ஒருமுறை லேசாகத் தட்டி, திரைக்குப் பின்னால் வெளிச்சம் வருகிறதா என்று இருட்டறையில் பார்த்தால் போதும்.

60சி.எஸ்.எக்ஸ். விஷயத்தில் நான் எதிர்த் திசையில் தொடங்குவேன். அதற்கும் செல் பூக்கும், தகடு களிம்பேறும். ஆனால் அதைச் சோதிக்க ஒரே நிமிடம் போதும். செல்களை எடுத்துவிட்டு யு.எஸ்.பி. கேபிளைச் செருகினால், அது அந்த மின்சாரத்திலேயே எழுந்துவிடும். எழுந்தால் குற்றம் செல் அறையில். எழாவிட்டால் வேறெங்கோ. மஞ்சள் கருவிக்கு இந்த வசதி இல்லை. அதன் துளைக்குக் காரிலிருந்து மின்சாரம் கொடுக்கும் கேபிள் உண்டு. அந்தக் கேபிளுக்குள்ளேயே மின்னழுத்தத்தைக் குறைக்கும் பகுதி இருக்கிறது. அது இல்லாமல் 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் அதோடு கதை முடிந்தது.

இந்தக் கருவி அடிக்கடி சிக்குவது வேறிடத்தில். பட்டனை அழுத்தியதும் முகப்புப் படம் வருகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது. எந்தப் பட்டனுக்கும் அசைவில்லை. அணைக்கக்கூட முடியவில்லை. பவர் பட்டன் வீட்டுச் சுவரில் இருக்கும் சுவிட்சு மாதிரி மின்சாரத்தை வெட்டுவதில்லை. ‘அணைந்துகொள்’ என்று உள்ளே இருக்கும் செயலியிடம் கேட்கிறது. கேட்கும் நிலையில் செயலி இல்லையென்றால் எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. அப்போது செல்லை உருவுவதுதான் வழி, அதனால் புள்ளிகளுக்குப் பெரிய ஆபத்தும் இல்லை. பிற்காலத்தில் பேட்டரியை உள்ளேயே வைத்து மூடிய கருவிகள் வந்தபோது நாம் இழந்தது இந்த எளிய வழியைத்தான். பென்சில் செல்லில் ஓடும் கருவியை நான் இன்றும் விரும்புவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

உருவிய கையோடு செல்லுக்கு அடியில் இருக்கும் மைக்ரோ எஸ்.டி. கார்டையும் கழற்றிவிடவேண்டும். கார்டு இல்லாமல் செல்லை மட்டும் போட்டு இயக்கினால் பாதி நேரங்களில் கருவி துள்ளி எழுந்துவிடும். கார்டில் உள்ள வரைபடக் கோப்பு பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றிருக்கலாம். கணினியிலிருந்து சொல்லாமல் கேபிளைப் பிடுங்கியிருக்கலாம். பல வருடம் கிடந்ததில் கார்டே செல்லரித்திருக்கலாம். துவங்கும்போது அந்தக் கோப்பைப் படிக்கப் போகும் கருவி அங்கேயே வழிதெரியாமல் நிற்கிறது. இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: 60சி.எஸ்.எக்ஸ்.சில் புள்ளிகள் கார்டில் இல்லை, கருவியின் உள் நினைவகத்தில் இருக்கின்றன. நடந்த தடங்களைக் கார்டில் பதியும்படி வைத்திருந்தால் அந்தத் தடங்கள் மட்டும் கார்டில் இருக்கும். ஆகவே கார்டைக் கழற்றினால் புள்ளி போகாது. ஆனால் கார்டை அழித்து வடிவமைக்கும் முன் அதிலுள்ள தடங்களைக் கணினியில் நகல் எடுத்துக்கொள்ளவேண்டும்.

மஞ்சள் கருவிக்குக் கார்டே இல்லை, வரைபடமும் இல்லை. சிக்குவதற்கு அதனிடம் அதிகம் எதுவும் இல்லை. அதன் நோய் தகட்டிலும் ஸ்பிரிங்கிலும் வருகிறது. ரப்பரும் ஸ்பிரிட்டும் வைத்திருப்பவர் எவரும் பார்த்துக்கொள்ளலாம். அடுத்ததன் நோய் பெரும்பாலும் கோப்புகளில் வருகிறது. கண்ணுக்குத் தெரியாததால் நம் பொறுமையைச் சோதிக்கிறது, பொறுமை இழந்தவர் ரீசெட்டுக்குப் போகிறார். அந்தப் பட்டன் சேர்க்கையை நான் வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. கார்டைக் கழற்றுவதற்கு முன்பே அதைச் செய்து, கார்டில் இருந்த ஒரு கெட்ட கோப்புக்காக நல்ல நினைவகத்தை முழுக்கத் துடைத்தவர்கள் உண்டு. கருவி அதன் பிறகும் அதே முகப்புப் படத்தில்தான் நிற்கும்.

உள்ளே இயங்கும் மென்பொருளைப் புதுப்பித்தால் சரியாகிவிடும் என்று எண்ணுவதும் அதே வகை அவசரம். அரைகுறைச் செல்லோடு, ஆட்டம் காணும் கேபிளோடு அந்த வேலையில் இறங்கி, பாதியில் அறுந்தால், உண்மையிலேயே எழாத கருவி ஒன்று கையில் மிஞ்சும். பழுதைக் கண்டுபிடிக்கும் கட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

கருவி எழுந்தது; ஆனால் செயற்கைக்கோள் ஒன்றையும் பிடிக்கவில்லை. இதையும் மக்கள் ‘வேலை செய்யவில்லை’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இது மௌனத்தைவிட செவிட்டுத்தனத்துக்கு நெருக்கமானது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சிக்னலோடு, எந்தக் கோள் எப்போது எங்கே இருக்கும் என்ற பட்டியலும் வருகிறது. வினாடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் வருவதால் முழுப் பட்டியலையும் வாங்க பன்னிரண்டரை நிமிடம் பிடிக்கும். பல வருடம் தூங்கிய கருவியிடம் இருப்பது காலாவதியான பட்டியல். கடைசியாக அணைத்த ஊரிலேயே தான் இன்னும் இருப்பதாக அது நினைத்துக்கொள்ளும். தொடுவானுக்குக் கீழே இருக்கும் கோள்களைத் தேடிக்கொண்டிருக்கும்.

இதற்கு மருந்து, மொட்டைமாடியில் அரைமணி நேரம் அசைக்காமல் வைப்பது. இரண்டு கருவிக்கும் அதே மருந்துதான், ஆனால் குணமாகும் வேகம் ஒன்றில்லை. மஞ்சள் கருவியில் 12 சேனல். தகடு போன்ற தட்டையான ஆன்டெனா. அதை மல்லாக்கப் படுக்க வைத்தால்தான் வானத்தை நன்றாகப் பார்க்கும். 60சி.எஸ்.எக்ஸ்.சில் அந்தக் காலத்தில் பேர்பெற்ற சர்ஃப்ஸ்டார் 3 சில்லு, சுருள் ஆன்டெனா. அது நிமிர்ந்து நிற்கவேண்டும். இரண்டாவதன் காது மிகக் கூர்மை. மரக்கூரைக்கு அடியிலும் பிடிக்கும், வீட்டு ஜன்னலிலும் சில நேரம் பிடிக்கும். அந்தப் பழக்கத்தில் மஞ்சள் கருவியை ஜன்னலோரம் வைத்துவிட்டுக் கெட்டுப்போனது என்று தீர்ப்பு சொல்வது நியாயமில்லை. அதற்குத் திறந்த வானம் வேண்டும், அவ்வளவுதான். இரண்டிலுமே புது ஊருக்கு வந்துவிட்டோம் என்று மெனுவில் சொல்லிவிடும் வசதி இருக்கிறது. சொன்னால் பழைய ஊரை மறந்து முதலிலிருந்து தேடும். அதோடு இன்னொன்றையும் பார்க்கவேண்டும்: மஞ்சள் கருவியில் யாராவது ‘டெமோ’ முறையில் விட்டிருக்கலாம், மற்றதில் ஜி.பி.எஸ்.சை அணைத்து வைத்திருக்கலாம். மெனுவில் இருக்கும் ஒரு வரியை ஆன்டெனாக் கோளாறு என்று எண்ணிக் கருவியைப் பிரித்துவிடக் கூடாது.

இடத்தைச் சரியாகச் சொல்லி, தேதியைத் தவறாகச் சொல்லும் கருவியும் உண்டு. ஜி.பி.எஸ். தன் வாரங்களை 1980 ஜனவரி 6 முதல் எண்ணுகிறது. பழைய சிக்னலில் அந்த எண்ணுக்குப் பத்து பிட் மட்டுமே இடம். 1024 வாரம் ஆனதும் எண் மீண்டும் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். 1999 ஆகஸ்ட்டில் ஒருமுறை வந்தது. இரண்டாவது முறை 2019இல், நம் கடிகாரப்படி ஏப்ரல் 7 அதிகாலை ஐந்தரை மணிக்கு ஒரு சில வினாடி முன்பு. அன்று நியூயார்க் மாநகராட்சியின் கம்பியில்லா வலையமைப்பே சில நாள் முடங்கிப்போனது. அடுத்தது 2038 நவம்பரில். இந்தச் சுழற்சியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத கருவி 1024 வாரம், அதாவது சுமார் 19.6 வருடம், பின்னால் போய் நிற்கும். சில கருவிகள் 2019இல் தப்பித்துவிட்டு, தங்கள் மென்பொருள் எழுதப்பட்ட நாளிலிருந்து 1024 வாரம் கழித்துத் தடுமாறும். அதனால்தான் ஒரே மேசையில் இருக்கும் இரண்டு பழைய கருவிகள் வெவ்வேறு ஆண்டில் கிறுக்குப் பிடித்ததுபோல் நடக்கின்றன. இடம் கணக்கிட வாரத்துக்குள் இருக்கும் நேரமே போதும் என்பதால் புள்ளிகள் பிசகுவதில்லை. சூரிய உதய நேரமும் தடங்களின் தேதியும்தான் தவறும். கணினியில் ஏற்றும்போது ஒரு நேற்றைய நடை கிட்டத்தட்ட இருபது வருடம் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். தேடிப் பார்த்தால் அங்கேயே பத்திரமாக இருக்கும். இதைப் பழுது என்றே நான் எண்ணுவதில்லை.

எழுந்த கருவியிடமிருந்து புள்ளிகளை வாங்குவதிலும் இரண்டுக்கும் தூரம் அதிகம். 60சி.எஸ்.எக்ஸ்.சுக்கு ஒரு மினி யு.எஸ்.பி. கேபிள் போதும், பழைய கேமராவோடு வந்த கேபிளே பொருந்தும். கார்டு மட்டும் டிரைவ் போலத் திறக்கிறதே, புள்ளிகளைக் காணோமே என்று பதறவேண்டாம்; அவை உள் நினைவகத்தில் இருப்பதால் ஜி.பி.எஸ்.பேபல் போன்ற மென்பொருள் வழியாகத்தான் கேட்டு வாங்கவேண்டும். மஞ்சள் கருவிக்கு நான்கு முள் கொண்ட தனிக் கேபிள், அந்தக் கேபிளின் மறுமுனைக்கு இன்றைய கணினியில் இல்லாத சீரியல் துளை, அதற்கு ஈடாக ஒரு யு.எஸ்.பி. மாற்றி. கேபிள் கிடைக்காமல் போனால் நோட்டுப் புத்தகம்தான். ஒவ்வொரு புள்ளியாகத் திறந்து, பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை என்று எழுதவேண்டும். 500 புள்ளியும் நிறைந்திருந்தால் ஒரு வாரம் மாலை நேரங்கள் போகும். ஒருவர் படிக்க இன்னொருவர் எழுதினால் தவறு குறையும். வேலை முடிந்ததும் செல்லைக் கழற்றி, மூடியைத் திருகாமல் தனியே ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.